ஒன்றாம் நம்பர் கேபிள்

அந்த மூன்று வாரமும் எனக்கு இருந்த கவலை ஒன்றுதான். எங்கள் தோட்டத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த ஒருவரை, கடல் தாண்டிச் சபாவில் கட்டிய புது ஆலைக்கு வருகிறாயா என்று கம்பெனி கேட்டிருந்தது. மாதக் கடைசிக்குள் அவர் சம்மதத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். போகாதீர்கள் என்று நான் சொல்ல வேண்டும். சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் அப்போது புக்கிட் பெலிம்பிங் தாண்டி ஒரு தோட்டத்து அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தேன். வயது முப்பத்தொன்று. ஐந்தாம் படிவம் முடித்த கையோடு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள், அதிலேயே இருந்துவிட்டேன். நாலு பேர் நிற்கும் இடத்தில் என் குரல் எழும்பாது. டெலிபோன் மணி அடித்தால் வேறு யாராவது எடுத்துவிட மாட்டார்களா என்று டைப்ரைட்டரையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எண்பதுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் வந்தது. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த பெரிய கிராணி அதைத் தொட மாட்டேன் என்றார். "நீயே பாத்துக்கம்மா. நீயும் பேசமாட்டே, அதுவும் பேசாது. ரெண்டு பேரும் ஒத்துப் போவீங்க" என்று அலுவலகம் முழுக்கச் சிரிக்கும்படி சொல்லி, கோலாலம்பூரிலிருந்து வந்த டெக்னீஷியனிடம் என்னை ஒப்படைத்தார். அந்த டெக்னீஷியன் நான்கு நாள் இருந்து எல்லாவற்றையும் பொருத்திவிட்டு, நகல் எடுத்த பன்னிரண்டு தாள்களை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அமைப்பு இதுதான். அலுவலக மேசைகளில் இருந்த மூன்று மெஷின்களை ஒரு கேபிள் இணைத்தது. அதற்கு நம்பர் 1. ஆலை மூன்று மைல் தள்ளி. முன்பு அலுவலகமும் ஆலையும் பேசிக்கொள்ளத் தோட்டம் சொந்தமாகக் கம்பம் நட்டு இழுத்திருந்த டெலிபோன் கம்பியைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கம்பிக்கு நம்பர் 2. ஆலைக்குள் ஓடிய கேபிளுக்கு நம்பர் 3. ஒரு கேபிளிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தியை மாற்றிவிட இந்தக் கோடியில் ஒரு நடு மெஷின், அந்தக் கோடியில் ஒரு நடு மெஷின். தபாலாபீஸ் மாதிரி. எந்த நம்பர் எந்தப் பக்கம் என்று அவை ஞாபகம் வைத்திருக்கும். எங்கள் பக்கத்து நடு மெஷின் மேனேஜர் அறையை ஒட்டி, எப்போதும் குளிராக வைத்திருந்த ஏர்கோன் அறையில் இருந்தது. அதன் சாவி பெரிய கிராணியிடம்.

தினமும் காலையில் ஆலையின் கணக்கை என் மெஷின் வழியாக எடுத்து அச்சடிப்பேன். அதோடு சின்னச் சின்னச் செய்திகளும் அனுப்பிக்கொள்ளலாம். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவோம். ஆலைப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்தான் நான் முதலில் சொன்ன அவர்.

உலு யாம் என்ற ஊர்க்காரர். என்னைவிட ஒரு வயதோ இரண்டு வயதோ கூட. எட்டு மாதத்தில் நேரில் ஆறு தடவை பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் அவர் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் ஃபைலைப் பார்த்தேன். ஆனால் திரையில் அவர் வேறு ஆள்.

"இன்னைக்கு ஆலையில சத்தமே இல்ல. மெஷின் கெட்டுப்போச்சான்னு நெனக்காதீங்க, ஃபோர்மேன் லீவு."

"உங்க பேப்பர் வந்துச்சு. ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக்கும் இல்ல. இப்படி இருந்தா நாங்க எதச் சொல்லி உங்களக் கூப்புடுறது?"

அலுவலகத்தில் எல்லோரும் என்னை அக்கா என்பார்கள். என்னைவிட மூத்த லோரி டிரைவர்கள்கூட அப்படித்தான். அவர் ஒரு தடவையும் அக்கா என்று தட்டியதில்லை. வெறும் "நீங்க"தான். இதை நான் கவனித்தேன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

சபா விஷயத்தையும் அவர் திரையில்தான் சொன்னார். "மாசக் கடைசிக்குள்ள எழுதிக் கொடுக்கணும். என்ன செய்யலாம்ங்கிறீங்க?" நான் "உங்க விருப்பம்" என்று தட்டினேன். அனுப்பிய கணமே அதைத் திரும்பப் பிடுங்க வேண்டும்போல் இருந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, லோரி எடைபோடும் மேடைக்கும் ஒரு கம்ப்யூட்டர் வந்தது. ஆலையிலிருந்து அதற்குத் தனிக் கேபிள் அவரே இழுத்தார். மத்தியானம் கேட்டார்.

"புது கேபிளுக்கு ஒரு நம்பர் குடுக்கணுமாம். என்ன போட?"

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது ஒரு கேள்வியே இல்லை. தோட்டத்தில் புது டிவிஷன், அதாவது புதுப் பிரிவு, திறந்தால் அதில் காடு என்று நாங்கள் சொல்லும் மரத் துண்டுகளை ஒன்றிலிருந்துதான் எண்ணுவோம். முதல் டிவிஷனிலும் ஒன்றாம் நம்பர் காடு உண்டு, இரண்டாம் டிவிஷனிலும் ஒன்றாம் நம்பர் காடு உண்டு. வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் எந்த டிவிஷன் என்று பார்த்து ஆளை அனுப்புவார். ஒருநாளும் யாரும் வழி தவறியதில்லை. நான் யோசிக்கக்கூட இல்லை.

"உங்க பக்கத்து புது கேபிள்தானே. ஒன்னுன்னு போடுங்க."

"சரி" என்று பதில் வந்தது. அவரிடமிருந்து என் திரைக்கு வந்து சேர்ந்த கடைசி வார்த்தை அது.

அன்று சாயங்காலம் பெரிய மழை. ஆலைப் பக்கம் இடி விழுந்து கரண்டு போய், பிறகு வந்தது. மறுநாள் காலை ஆலையின் கணக்கு என் திரைக்கு வரவில்லை. அவருக்குச் செய்தி அனுப்பினேன். பதில் இல்லை. அந்தப் பக்கத்து மெஷின்களின் பெயரைக் கேட்டுப் பார்க்க ஒரு கட்டளை உண்டு; உயிரோடு இருந்தால் பெயரைச் சொல்லும். ஒன்றும் சொல்லவில்லை.

"இடி கம்பியத் தின்னுருச்சு" என்றார் பெரிய கிராணி. இரண்டு ஆட்களைக் கம்பம் கம்பமாகப் பார்க்க அனுப்பினார். கம்பி நன்றாகத்தான் இருந்தது. கோலாலம்பூருக்கு டெலிபோன் செய்தால், டெக்னீஷியன் பினாங்கில் இருக்கிறார், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அதுவரை கணக்கைத் தாளில் அடித்து மோட்டார் சைக்கிளில் டெஸ்பாட்ச்காரர் கொண்டுவருவது என்று முடிவானது.

"நீயும் அப்பப்போ சோதிச்சுப் பாரும்மா" என்றார் பெரிய கிராணி.

பார்த்தேன். பன்னிரண்டு தாளையும் படித்தேன். கேபிள் முனைகளில் இருந்த மூடிகளைக் கழற்றி மாட்டினேன். பக்கத்து மேசை மெஷின்கள் பெயர் சொல்லின. ஆலையில் இருந்தது ஒன்றும் சொல்லவில்லை. ஏழாம் தாளில், பழுது எங்கே என்று தெரிய நடு மெஷினில் உட்கார்ந்து அங்கிருந்தும் கேட்டுப் பார்க்கவும் என்று எழுதியிருந்தது. அதற்குப் பெரிய கிராணியிடம் சாவி கேட்க வேண்டும். மேனேஜர் அறை வழியாகப் போக வேண்டும். மேனேஜர் தலை நிமிர்ந்து என்ன என்று கேட்பார். நாளைக்குக் கேட்கலாம் என்று விட்டேன். மறுநாளும் அப்படியே.

கூச்சம் மட்டும் காரணம் என்று சொன்னால் அது பொய். அந்தச் செத்த லைன் எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

சோதிப்பதற்கு ஏதாவது தட்டி அனுப்ப வேண்டும். முதல் நாள் "சோதனை 1", "சோதனை 2" என்று அனுப்பினேன். மூன்றாம் நாள் ஜன்னலுக்கு வெளியே மழை. "இங்கே மழை. உங்க பக்கம் எப்படி?" என்று அனுப்பினேன். பதில் இல்லை. அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் முதல்தடவையாக யாரும் கேட்காத இடத்தில் பேசக் கிடைத்தது. அதுவும் அவர் பெயரைப் போட்டு.

பிறகு தினமும் எழுதினேன். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு.

"உங்க நீலச் சட்டையில ரெண்டாவது பட்டன் வேற கலர். யாரும் சொல்லலையா?"

"எங்கப்பாவுக்கு ரேடியோ கேக்கும். நான் பேசினா கேக்காது. எனக்கே கேக்காது."

"நீங்க அக்கான்னு கூப்புடாதது எனக்குப் பிடிக்கும்."

ஒவ்வொன்றுக்கும் திரையின் அடியில் 'அனுப்பப்பட்டது' என்று வரும். நான் அதை நம்பவில்லை. கம்பி செத்தால் மெஷினுக்கு எப்படித் தெரியும்?

பதினோராவது நாள் அதையும் எழுதினேன். "சபாவுக்குப் போகாதீங்க. இங்கேயே இருங்க. இத நேர்ல சொல்ல எனக்கு இந்த ஜென்மத்துல முடியாது." அனுப்பிவிட்டுக் குளியலறைக்குப் போய் முகம் கழுவினேன். அழவில்லை. மனசு லேசாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் பெரிய கிராணி சாப்பிடப் போகவில்லை. லைன் என்ன ஆச்சு என்று மேனேஜர் கேட்டாராம். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"எங்க, சோதிச்சுக் காட்டு பாக்கலாம்."

"சோதனை 3" என்று அனுப்பினேன்.

"என்னா சொல்லுது?"

"ஒன்னும் சொல்லல சார்."

"இன்னொன்னு போடு."

"சோதனை 4". "சோதனை 5". "சோதனை 6". அவர் நின்ற அரை மணி நேரமும் அதையே அனுப்பினேன். அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் அவர் வந்து நின்றார். நானும் எண்களை மட்டும் அனுப்பினேன். முப்பது வரைக்கும் போனது.

மாதக் கடைசிக்கு மூன்று நாள் இருக்கும்போது அவர் அலுவலகத்துக்கு வந்தார். சம்மதப் படிவத்தைக் கையில் வைத்திருந்தார். அதை வாங்கி முத்திரை போடுவது என் வேலை. பெரிய கிராணி பக்கத்து மேசையில் இருந்தார்.

"என்னாப்பா, சபாவா? ஏரோப்ளேன்லா உனக்கு" என்றார்.

"ஆமாங்க சார்" என்றார் அவர்.

நீலச் சட்டை போட்டிருந்தார். இரண்டாவது பட்டன் மாற்றித் தைத்திருந்தது. மற்றவற்றின் அதே நிறம். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், யாரோ வீட்டில் கவனித்திருக்கிறார்கள் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். நான் எவ்வளவு மடச்சி என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

"இங்கே கையெழுத்துப் போடுங்க" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். "போட்டுறவா?" என்றார்.

"கோடு போட்ட எடத்துல" என்றேன்.

போட்டார். தண்ணீர்ப் பானைப் பக்கம் போய் ஒரு கோப்பை தண்ணீரை மெதுவாகக் குடித்தார். கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். என் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே போனார். நான் படிவத்தில் முத்திரை குத்தினேன்.

அவர் விமானம் ஏறி நான்கு நாள் ஆனபின் பெரிய கிராணி சாவியை என் மேசையில் போட்டார். நான் கேட்கவில்லை. "டெக்னீஷியன் இன்னும் ஒரு வாரமாம்லா. அந்த ரூம்ல ஏதாச்சும் இருக்கான்னு பாரு. மேனேஜர் கோலாலம்பூர் போயிருக்காரு." என்னைத் தடுத்த கதவு அவ்வளவுதான்.

ஏர்கோன் அறையில் நடு மெஷினின் முன் உட்கார்ந்து, ஆலைப் பக்கத்து நடு மெஷினின் பெயரைக் கேட்டேன். உடனே சொன்னது.

மறுபடி கேட்டேன். மறுபடி சொன்னது. வெளியே என் மேசைக்கு ஓடிவந்து கேட்டேன். பதில் இல்லை. உள்ளே போய்க் கேட்டேன். பதில் வந்தது. இப்படி நான்கைந்து தடவை நடந்தேன். பெரிய கிராணி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

கம்பி சாகவில்லை. ஒருநாளும் சாகவில்லை. கம்பியின் முனையில் உட்கார்ந்து கேட்டால் ஆலை பேசுகிறது. என் மேசையிலிருந்து கேட்டால் பேசுவதில்லை. என் மேசை இருப்பது ஒன்றாம் நம்பர் கேபிளில். நான் பன்னிரண்டு தாளையும் விரித்துப் போட்டு, வெள்ளைத் தாளில் கோடு இழுத்துப் பார்த்தேன். அலுவலகம் 1. கம்பி 2. ஆலை 3. எடைமேடை... எடைமேடைக்கு என்ன நம்பர் என்று எழுதப் போன கை நின்றுவிட்டது.

ஒன்னுன்னு போடுங்க.

அன்றைக்குக் கரண்டு போய் வந்தபோது ஆலையின் நடு மெஷின் அந்தப் புது நம்பரோடு எழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு, ஒன்றாம் நம்பர் கேபிளுக்கு என்று யார் எதைக் கொடுத்தாலும் மூன்று மைல் தள்ளி இருக்கும் எங்களைத் தேடவில்லை. தன் காலடியில் இருந்த ஒன்றாம் நம்பரில், எடைமேடைப் பக்கம் போட்டுவிட்டது. அங்கே அந்த முகவரியில் யாரும் இல்லை. மெஷினுக்கு டிவிஷன் தெரியாது. நம்பர் மட்டும்தான் தெரியும்.

அதனால் ஆலையிலிருந்து எனக்கு எதுவும் வரவில்லை. நான் அங்கே அனுப்பியது மூன்றாம் நம்பருக்கு. மூன்றாம் நம்பர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அப்படியானால் நான் அனுப்பியதெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. ஏர்கோன் சத்தம் ஞாபகம் இருக்கிறது. பெரிய கிராணி எட்டிப் பார்த்து, "என்னாம்மா, கெடச்சுச்சா?" என்றதும் ஞாபகம் இருக்கிறது. "கெடச்சுச்சு சார். ஆலைக்குப் போகணும்" என்றேன். நானாகக் கேட்டு வெளியே போன முதல் வேலை அது.

டெஸ்பாட்ச்காரர் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். ஆலையின் ஃபோர்மேன் சீனர். தமிழ் கொஞ்சம் பேசுவார், ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழெல்லாம் அவருக்குப் புரியாது. போனவருடைய மேசையை எனக்குக் காட்டினார். "தம்பி நல்ல தம்பிலா. போயிருச்சு" என்றார். நடு மெஷினில் எடைமேடையின் நம்பரை 1 என்பதை அழித்து 4 என்று மாற்றி, அணைத்துப் போட்டேன். இரண்டு நிமிட வேலை.

"மெசேஜ் பேப்பர் வேணுமா?" என்றார் ஃபோர்மேன். "இங்க வர்றது, போறது எல்லாம் பிரிண்ட் பண்ணி ஃபைல்ல வெக்கணும். மில் ரூல்."

ஓரத்தில் துளை போட்ட தாள், மடிப்பு மடிப்பாக. நான் நின்றபடியே படித்தேன். என் வரிகள் ஒவ்வொன்றும் இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் அவருடைய வரி இருந்தது.

"இங்கேயும் மழைதான். சட்டை நனைஞ்சு உக்காந்திருக்கேன்."

"பட்டன யாரும் சொல்லல. நீங்கதான் மொதல்ல. மாத்திடுறேன்."

"எனக்குக் கேக்குதே. நீங்க பேசுங்க."

"அக்கான்னு எப்படிக் கூப்புடுறது? வாய் வரல."

அவருடைய திரையிலும் 'அனுப்பப்பட்டது' என்றுதான் காட்டியிருக்கும். என் வார்த்தைகள் வந்துகொண்டிருக்கும்போது அவர் அதை ஏன் நம்பாமல் இருக்க வேண்டும்? கணக்கு போகாததை எங்கள் பக்கத்துப் பழுது என்று எண்ணியிருப்பார். பதில் கிடைத்த மாதிரி நான் ஒன்றும் சொல்லாததை, என் சுபாவம் என்று எண்ணியிருப்பார்.

பதினோராவது நாளின் என் வரிக்குக் கீழே மூன்று வரி இருந்தது.

"நேர்ல சொல்ல வேணாம். இதுலயே சொன்னா போதும்."

"போகலன்னு எழுதிக் குடுத்துடுறேன். வீட்ல அம்மாவ உங்கப்பாகிட்ட பேசச் சொல்லவா?"

"ஒரே வார்த்தை போதும். சரின்னு போடுங்க."

அதற்குக் கீழே, என்னிடமிருந்து: சோதனை 3. சோதனை 4. சோதனை 5. சோதனை 6.

அவர், "யாராச்சும் பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டிருந்தார். சோதனை 7. மறுநாள், "நான் அவசரப்பட்டுட்டேனா?" சோதனை 11. அதற்கு மறுநாள், "தப்பா கேட்டிருந்தா மன்னிச்சுக்குங்க." சோதனை 16. இப்படியே முப்பது வரைக்கும் இருந்தது. கடைசிப் பத்துக்கு அவர் ஒன்றும் எழுதவில்லை.

"பேப்பர் சரியா?" என்றார் ஃபோர்மேன்.

"சரி" என்றேன்.

திரும்பி வந்ததும் ஆலையின் கணக்கு என் திரைக்கு வந்தது. பெரிய கிராணி எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். கோலாலம்பூர்காரன் தேவையே இல்லை, நம்ம பிள்ளையே கண்டுபிடித்துவிட்டது என்றார். மேனேஜர் திரும்பி வந்ததும் கை குலுக்கினார். என்ன பழுது என்று கேட்டார். இரண்டு கேபிளுக்கு ஒரே நம்பர் போட்டுவிட்டார்கள் என்றேன். யார் போட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் சிரித்தார். நான் அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார்.

ஒரு வாரம் எடுத்துக்கொண்டு சபாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். முதலில் கேபிள், நம்பர், கோடு எல்லாம் போட்டு நான்கு பக்கம். படித்துப் பார்த்தால் பழுதுபார்த்த அறிக்கை மாதிரி இருந்தது. கிழித்துவிட்டு, "உங்கள் பதில் எதுவும் எனக்கு அப்போது வரவில்லை. இப்போதுதான் படித்தேன். சரி" என்று மட்டும் எழுதினேன். புது ஆலையின் முகவரி கோப்பில் இருந்தது. கோலா சிலாங்கூருக்குப் போய் என் கையாலேயே தபாலில் போட்டேன்.

அலுவலகத்துக்கு வரும் தபால் பையை அவிழ்ப்பது என் வேலையாக இருந்தது. தினமும் பத்தரை மணிக்கு வரும். கயிற்றை அவிழ்த்துக் கவர்களை மேசையில் கொட்டி, முதலில் முத்திரைகளைப் பார்ப்பேன். சபா முத்திரையோடு கம்பெனிக் கவர்கள் வந்தன. அவர் கையெழுத்து வரவில்லை. கடிதம் போய்ச் சேரவில்லையா, சேர்ந்தும் அவர் எழுதவில்லையா, எழுதியும் வழியில் எங்காவது நின்றுவிட்டதா, எனக்குத் தெரியாது. இந்தத் தடவை உட்கார்ந்து கேட்டுப் பார்க்க ஒரு நடு மெஷினும் கிடையாது.

இன்னொரு கடிதம் எழுதியிருக்கலாம். சபா ஆலையின் டெலிபோன் நம்பரும் கோப்பில் இருந்தது. ஒரு தடவை ரிசீவரை எடுத்தேன். பெரிய கிராணி நிமிர்ந்து பார்த்தார். வைத்துவிட்டேன்.

ஏழு மாதம் அந்தப் பையை அவிழ்த்தேன். பிறகு ஒரு திங்கட்கிழமை, கம்ப்யூட்டர் வேலை கூடிவிட்டது, தபாலை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று பெரிய கிராணியிடம் சொன்னேன். கொடுத்துவிட்டார். அதன்பிறகு பத்தரை மணிக்குப் பை வரும் நேரத்தில் ஏர்கோன் அறைக்குள் போய், நடு மெஷினில் இருந்து ஒவ்வொரு கேபிளாகப் பெயர் கேட்டுப் பார்ப்பேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எல்லாம் பதில் சொல்லும்.